சீர்ப் பட்டியலில் ஒரு நாய்

சந்தியா,

அடுத்த அறையில் இருக்கிற மகளுக்குக் கடிதம் எழுதுவது அசட்டுத்தனம்தான். மன்னித்துக்கொள். கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசினால் பத்து நிமிடத்தில் முடிகிற விஷயம். ஆனால் என்னை உனக்குத் தெரியும். நேருக்கு நேர் பேச ஆரம்பித்தால் மூன்றாவது வாக்கியத்தில் குழம்புக்கு உப்பு போட்டேனா என்று சொல்லிக்கொண்டு எழுந்து போய்விடுவேன். அரிசி ஆலையில் பதினோரு வருடமாகக் கணக்கு எழுதுகிறேன். முதலாளியிடம் விடுப்பு கேட்பதைக்கூட ஒரு தாளில் எழுதி அவர் மேசையில் வைத்துவிட்டு வந்துவிடுகிறவள் நான். அதனால் இதையும் எழுதியே வைக்கிறேன். வைகாசியில் கல்யாணம் முடிந்து நீ திருப்புட்குழிக்குப் போன பிறகு, அவசரமில்லாத ஒரு மத்தியானத்தில், டோக்கன் உன் காலடியில் படுத்திருக்கும்போது படி.

நிச்சயத்தன்று கூடத்தில் என்ன நடந்தது என்று மூன்று தடவை கேட்டுவிட்டாய். நீ உள்ளறையில் புடவை மாற்றிக்கொண்டிருந்தாய். முதலில் சத்தம் நின்று போனதும், கொஞ்ச நேரம் கழித்து எல்லோரும் சிரித்ததும்தான் உன் காதில் விழுந்தது. உன் அப்பாவைக் கேட்டால், "ஒங்கம்மா பேசுனா, அவ்ளோதான்" என்கிறார். அவருக்கு அதுவே பெரிய செய்தி. ஆனால் அன்று நான் வாசித்த தாள் உன்னோடு வரப்போகிறது. அதில் ஒவ்வொரு வரியும் எப்படி வந்தது என்று உனக்குத் தெரிந்திருக்க வேண்டும். அதனால் முதலிலிருந்து சொல்கிறேன்.

ஆறு வருடத்துக்கு முன்னால், நெல் கொள்முதல் நிலையத்தில் உன் அப்பா மூட்டை ஏற்றிய வண்டியோடு டோக்கனுக்காக மூன்று நாள் காத்துக் கிடந்தார். நீ பத்தாவது படித்துக்கொண்டிருந்தாய். அவருக்குச் சாப்பாடு கொண்டுபோனவள், திரும்பி வரும்போது துப்பட்டாவில் ஒரு குட்டியைச் சுற்றி எடுத்து வந்தாய். மூட்டைகளுக்கு நடுவில் தனியாகக் கத்திக்கொண்டு கிடந்தது என்றாய். "டோக்கன் கெடைக்கல, இதான் கெடைச்சிது" என்று உன் அப்பா சொன்னதில் அதற்குப் பேரும் ஆகிவிட்டது. எனக்கு நாய் என்றால் பயம். ஆனாலும் சரி என்றேன். ஏன் தெரியுமா, மனதுக்குள் ஒரு கணக்கு போட்டுப் பார்த்தேன். ஆலையில் நொய் மலிவு. மிஞ்சின குழம்பு இருக்கிறது. வாசலில் படுத்துக்கொள்ளும். செலவு ஒன்றுமில்லை.

உன்னைப் பெற்றபோது எனக்குப் பத்தொன்பது வயது. உன்னை மடியில் போட்டுக்கொண்டுதான் தபால் வழியில் பி.காம். முடித்தேன். நம் இரண்டு பக்கத்துச் சொந்தத்திலும் பட்டம் வாங்கிய முதல் ஆள். அப்படிப்பட்டவள் போட்ட கணக்கு அது. நம் பக்கத்தில் எல்லோரும் அப்படித்தான் போடுகிறார்கள். ஒரு மாடு வாங்குவதென்றால் தவிடு, புண்ணாக்கு, கொட்டகை, சினை ஊசி என்று இரண்டு நாள் உட்கார்ந்து எண்ணுவார்கள். நாய்க்கு மட்டும் யாரும் எண்ணுவதில்லை. அது தன்னால் வளர்ந்து தன்னால் போய்விடும் என்று நினைப்பு. எண்ணாமல் விட்டதற்கு முதல் தண்டனை அவனுக்குத்தான் கிடைத்தது. சொறி வந்தபோது டாக்டர் எதற்கு என்று, வண்டியிலிருந்து இறக்கின பழைய ஆயிலை உன் அப்பா அவன் முதுகு முழுக்கத் தடவினார். ஊரில் எல்லோரும் செய்கிற வைத்தியம். நானும் பக்கத்தில் நின்று கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டிருந்தேன். தோல் வெந்து, அவன் கிணற்றடியில் போய் உரசிக்கொண்டு ஊளையிட்டது உனக்கு நினைவிருக்கும். ஆயிலுக்குச் செலவில்லை. ஆயிலால் வந்த புண்ணுக்கு டாக்டரிடம் ஆயிரத்து எண்ணூறு ரூபாய் ஆனது.

இனி சொல்லப் போவது உனக்குத் தெரியாது. அடுத்த வருடம் கால்நடை மருந்தகத்தில் வெறிநாய்க்கடி ஊசி இலவசமாகப் போடுகிறார்கள் என்று கேள்விப்பட்டு, நான் டோக்கனைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு போனேன். வரிசை முழுக்க மாடுகள், மாட்டோடு ஆண்கள். நானும் அவனும் கடைசியில் நின்றோம். முன்னால் நின்ற ஒருவர் திரும்பி அவனை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "இன்னாம்மா, இது வேளைக்கி எத்தினி லிட்டரு கறக்குது?" என்று கேட்டார். வரிசையே சிரித்தது. கெட்ட எண்ணத்தோடு சொன்னதில்லை, பொழுது போகாமல் சொன்னது. ஆனால் எனக்குக் காது சூடாகி, கயிற்றைச் சுருட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். ஊசி போட்டாச்சா என்று நீ கேட்டாய். தலையை ஆட்டினேன். உன்னிடம் நான் சொன்ன பொய்களில் அதுதான் பெரியது.

இரண்டு மாதம் கழித்து கன்னியம்மா அக்காவைக் கடித்துவிட்டான். நடவுக் கோஷ்டியில் முதல் ஆளாக நிற்கிறவர். பாத்திரம் திருப்பித் தர வந்தவர், வாசலில் தூங்கிக்கொண்டிருந்தவன் வாலை மிதித்துவிட்டார். கெண்டைக்காலில் இரண்டு பல் பதிந்திருந்தது. யாரோ மிளகாய்த்தூளும் சுண்ணாம்பும் எடுத்துக்கொண்டு ஓடி வந்தார்கள். நீதான் அவர்களைத் தள்ளிவிட்டு, அக்காவைக் குழாயடிக்கு இழுத்துப்போய் சோப்பு போட்டுக் கால் மணி நேரம் கழுவிவிட்டாய். பிறகு அப்பா வண்டியில் உத்திரமேரூர் ஆஸ்பத்திரிக்குப் போனோம். ஊசிக்குக் காசில்லை. அன்றைக்கு ஒன்று, பிறகு மூன்றாம் நாள், ஏழாம் நாள், இருபத்தெட்டாம் நாள் என்று அட்டையில் எழுதிக் கொடுத்த நர்ஸ், நாய்க்குத் தடுப்பூசி போட்டிருக்கிறதா என்று கேட்டார். நீ என்னைத் திரும்பிப் பார்த்தாய். நான் தரையைப் பார்த்தேன். 

மூன்றாம் நாள் காலையில் நான் அக்கா வீட்டுக்குப் போனபோது அவர் நடவுக்குக் கிளம்பி நின்றார். ஒரு ஊசி போட்டாகிவிட்டது, போதும் என்றார். நான் கெஞ்சினேன். ஒரு நாள் இறங்காவிட்டால் தன் இடத்தில் வேறு ஆளை நிறுத்திவிடுவார்கள், அப்புறம் அந்த நடவு முடிகிறவரை தனக்கு இடம் கிடையாது என்றார். அந்த நாள் கூலியை நான் தருகிறேன் என்று நூறு ரூபாய்த் தாள்களை நீட்டினேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

"துட்டக் குட்த்தா ஆச்சா? என் எடத்துல நாத்து யாரு நடுவா, உன் துட்டா?"

"நான் நடறங்க்கா," என்றேன்.

யோசித்துச் சொன்னதில்லை. வாயிலிருந்து வந்துவிட்டது. நீ பள்ளிக்கூடத்துக்கு விடுப்பு போட்டு அவரைப் பேருந்தில் கூட்டிப்போனாய். நான் ஆலைக்கு ஒரு தாளில் எழுதி அனுப்பிவிட்டு, மானாம்பதி பக்கத்து வயலில் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அவர் இடத்தில் இறங்கினேன். பதினேழு வயதுக்குப் பிறகு சேற்றில் கால் வைக்காதவள். மத்தியானத்துக்குள் இடுப்பு விட்டுப்போனது. என் வரிசை வளைந்து வளைந்து போக, பின்னால் ஒருத்தி, "கணக்குப்புள்ள நட்ட நாத்துடி, கூட்டலும் கய்த்தலுமா நிக்கிது பாரு" என்றாள். கோஷ்டி முழுக்கச் சிரித்தது. ஆச்சரியம், இந்தச் சிரிப்புக்கு நான் ஓடவில்லை. ஓடினால் அக்காவின் இடம் போய்விடும். ஏழாம் நாளும் இறங்கினேன். இருபத்தெட்டாம் நாள் களையெடுப்பு. நாலு ஊசியும் அக்காவுக்கு முழுதாகப் போய்ச் சேர்ந்தது. அதற்கு நடுவில், நாய்க்கு வெறி இருந்தால் பத்து நாளில் தெரிந்துவிடும் என்று நர்ஸ் சொன்னதால், டோக்கனைக் கட்டிப்போட்டு, தினமும் காலையில் அடுப்பு பற்றவைப்பதற்கு முன்னால் அவன் முன் தண்ணீர் வைத்து, குடிக்கிறானா என்று பார்த்துக்கொண்டு நின்றேன். அவன் குடித்த சத்தம்தான் அந்தப் பத்து நாளும் எனக்குச் சாப்பாடு. பதினோராம் நாள் அவிழ்த்துவிட்டதும் நேரே போய் உன் அப்பாவின் செருப்பைக் கடித்தான். அவனுக்கு ஒன்றுமில்லை என்று அப்போதுதான் நம்பினேன்.

அதற்குப் பிறகு மருந்தக வரிசையில் நின்றேன். அதே மாதிரி ஒரு ஆள், ஏறக்குறைய அதே கேள்வி. "இது கறக்காதுண்ணா, கடிக்கும். அதான் ஊசி," என்றேன். அவர் கொஞ்சம் தள்ளி நின்று எனக்கு இடம் விட்டார். அன்றைக்கு வீட்டுக்கு நடந்து வந்தபோது கயிற்றின் இந்த முனையில் இருந்தது நான்தானா என்று எனக்கே சந்தேகமாக இருந்தது. ஒவ்வொரு வருடமும் போட்ட ஊசியின் அட்டை உன் சான்றிதழ்களோடுதான் இருக்கிறது, எடுத்துக்கொண்டு போ.

இப்போது நிச்சயத்துக்கு வருகிறேன். டோக்கனும் உன்னோடு வருவான் என்று நீ மாப்பிள்ளை பிரகாஷிடம் சொல்லிவிட்டாய். அவரும் சரி என்றுவிட்டார். ஆனால் அவர் வீட்டில் பெரியவர்கள் யாரும் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை. வேண்டாம் என்று சொல்லத் தயங்கும்போதுதான் நம் ஜனங்கள் அப்படிப் பேசாமல் இருப்பார்கள். கல்யாணத்தன்று உன்னை வண்டியில் ஏற்றிவிட்டு, "நாய் அப்புறமா வரட்டும்" என்று சொன்னால் நாம் என்ன செய்ய முடியும்? அப்புறம் என்பது வராது. அதனால் எல்லோரும் கூடியிருக்கும்போது எழுத்தில் வந்துவிட வேண்டும் என்று நினைத்தேன். நிச்சயத்தன்று எழுத்தில் வருவது சீர்ப் பட்டியல் ஒன்றுதான். நாலு மூலையிலும் மஞ்சள் தடவி, பெரியவர்கள் முன்னால் வாசித்துவிட்டால் அதை யாரும் மாற்ற மாட்டார்கள்.

முந்தின ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து கணக்கு போட்டேன். அவனுக்கு ஆறு வயது. நேரத்துக்குச் சோறும் ஊசியும் கிடைத்தால் பதின்மூன்று வரை இருப்பான் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். ஆக இன்னும் ஏழு வருடம். நொய், கோழிக்கடையில் வாங்குகிற தலையும் காலும், வாரத்துக்கு நாலு முட்டை எல்லாம் சேர்த்து மாதம் தொள்ளாயிரம். ஏழு வருடத்துக்கு எழுபத்தைந்தாயிரத்து அறுநூறு. ஊசி, பூச்சி மாத்திரை, உண்ணி மருந்து, கழுத்துப் பட்டை என்று வருடத்துக்கு ஆயிரத்து ஐநூறு. அது ஒரு பத்தாயிரத்து ஐநூறு. இதற்கு மேல், வந்தே தீரும் என்று சொல்ல முடியாத, ஆனால் வந்தால் கையைப் பிசையக் கூடாத செலவு ஒன்று இருக்கிறது. கால் முறியலாம். கிழவனாகிக் கண் மங்கலாம், சிறுநீர் அடைக்கலாம். மறுபடி யாரையாவது கடிக்கலாம். கடிபட்டவருக்கு நாலு நாள் கூலியும் போக்குவரத்தும் நாம்தான் பார்க்க வேண்டும். அதற்கு இருபதாயிரம். கூட்டினால் ஒரு லட்சத்து ஆறாயிரத்து நூறு. மூன்று தடவை கூட்டினேன். செலவு ஒன்றுமில்லை என்று நான் நினைத்த நாய்.

நாங்கள் சீட்டெடுத்து வைத்திருந்தது ஒரு லட்சத்துப் பத்தாயிரம். அது எதற்கு என்று உனக்குத் தெரியும். மாப்பிள்ளை வீட்டில் வண்டி கேட்கவில்லை. கேட்காமலே எழுதிவிடுகிற வரி அது. நானும் முதலில் 'இருசக்கர வண்டி ஒன்று' என்றுதான் எழுதியிருந்தேன். எதிர்த்துப் பேசத் தைரியமில்லாதவர்கள் முந்திக்கொண்டு கொடுத்துவிடுவார்கள், நான் அந்த வகை. அந்த வரியை அடித்துவிட்டு, அந்த இடத்தில் டோக்கனை எழுதினேன். காலையில் உன் அப்பாவிடம் காட்டினேன். எழுத்துக் கூட்டி இரண்டு தடவை படித்தார். "எயுதிட்ட இல்ல, நீயே படி," என்று தாளை என் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டார். நம் பக்கத்தில் பெண் சீர் வாசித்து நான் பார்த்ததில்லை.

ஜமக்காளத்தில் எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். பீரோ, கட்டில், பித்தளைப் பாத்திரம் எல்லாம் வாசிக்கிறவரை யாரும் கவனிக்கவில்லை. அடுத்த வரியை வாசித்தேன்: நாட்டு நாய் ஒன்று, பெயர் டோக்கன், வயது ஆறு, அதன் ஆயுள் செலவுக்கு சந்தியாவின் பேரில் தபால் நிலையத்தில் ஒரு லட்சத்து ஆறாயிரத்து நூறு ரூபாய். உனக்குக் கேட்ட அந்த அமைதி அப்போது வந்ததுதான். மாப்பிள்ளையின் தாய்மாமன், சடங்குக்கெல்லாம் முன்னால் நிற்கிறாரே, அவர், நாய்க்கு ஒரு லட்சமா, ஊரு சிரிக்கும் என்றார். வண்டி எங்கே என்று நேராகவே கேட்டார். நான் கணக்கை வரி வரியாக வாசித்தேன்.  கடிபட்டவருக்குக் கூலி என்ற இடம் வந்ததும் அவர் பிடித்துக்கொண்டார்.

"இரும்மா. கடிக்குமா அது?"

இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். யாருக்கும் தெரியப்போவதில்லை. உன் கல்யாணம், சந்தியா. நாய் கடிக்கும் என்று சொல்லி அதைக் கெடுத்தவள் என்று ஆயுசுக்கும் பேர் வாங்க வேண்டியிருக்கும். மாப்பிள்ளை என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். மருந்தகத்திலிருந்து திரும்பி வந்து உன்னிடம் தலையாட்டின நாள் ஞாபகம் வந்தது.

"ஒரு தடவை கடிச்சிருக்கான்," என்றேன். யாரை, எப்போது, யார் தப்பால் என்று எல்லாம் சொன்னேன். வரிசையிலிருந்து நான் ஓடி வந்ததையும் சொன்னேன். கடிபட்டவங்களுக்கு இன்னா பண்ணீங்க என்று உன் மாமியார் கேட்டார். அன்றைக்கு அவர் பேசின முதல் பேச்சு அது. நாலு ஊசியும், நான் சேற்றில் இறங்கியதும், களையெடுத்ததும் சொன்னேன். அவர் எழுந்து வந்து என் கையிலிருந்து தாளை வாங்கினார். நெடுஞ்சாலை ஓரத்தில் இருபது வருடமாக இட்லி, தோசை என்று நாஷ்டா கடை நடத்துகிறவர். விரலால் ஒவ்வொரு வரியாகத் தொட்டுக்கொண்டே வந்தார். கூடமே அவர் விரலைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"தப்பா கீதே," என்றார்.

மூன்று தடவை கூட்டினதை மனதுக்குள் நாலாவது தடவையும் கூட்ட ஆரம்பித்தேன்.

"கேஸ் எங்க எயுதின? நொய்யி பச்சையாவா துன்னும்? அரிசி எயுதுவான், உளுந்து எயுதுவான், கேஸ எயுத மாட்டான். அப்டித்தான் பாதி கடை மூடிக்கினு போறான். மாசம் நூறு ரூவா போடு."

ஏழு வருடத்துக்கு எட்டாயிரத்து நானூறு என்று என் வாய் தானாகச் சொன்னது. மொத்தம் ஒரு லட்சத்துப் பதினாலாயிரத்து ஐநூறு. எங்களிடம் அவ்வளவு இல்லை என்று நான் சொல்வதற்குள், அந்த எட்டாயிரத்து நானூறு என் கடை அடுப்புல போவுது, விடு என்றார். அவர் அண்ணன், அந்தத் தாய்மாமன், ஏதோ சொல்ல வாயெடுத்தார். "வண்டி எயுதியிருந்தா சிரிக்க மாட்டாங்களா? பெட்ரோலு மாசா மாசம் நீ ஊத்துவியாண்ணா?" என்று உன் மாமியார் அவரைக் கேட்டார். அப்போதுதான் எல்லோரும் சிரித்தார்கள். தாய்மாமனும் சிரித்துவிட்டார். உன் மாமியார் தட்டிலிருந்து மஞ்சளைத் தொட்டு, கேஸ் வரியை என்னைவிட்டே எழுதவைத்து, அதன் மேலும் ஒரு பொட்டு வைத்தார்.

நான் ஜெயித்தேன், சந்தியா. இந்த வார்த்தையை என்னைப் பற்றி எழுதுவது இதுதான் முதல் தடவை. அதனால் இரண்டு விஷயம் சொல்ல எனக்கு உரிமை உண்டு என்று நினைக்கிறேன். அந்தத் தபால் நிலையக் கணக்கு உன் பேரில், உன் கையெழுத்தில் இருக்கிறது. ஃபிரிட்ஜுக்கோ, யாருடைய அவசரத்துக்கோ அதைத் தொடாதே. கேட்கிறவர் பிரகாஷாகவே இருந்தாலும், அது டோக்கனுடையது என்று சொல். இன்னொன்று, உன் மாமியாரிடம் எதையும் மறைக்காதே. தப்பு எங்கே இருக்கிறது என்று பார்க்கத் தெரிந்தவர், பார்த்துவிட்டு எழுந்து போகாதவர். அப்படி ஒருவர் வீட்டில் இருப்பது பெரிய பாக்கியம். அங்கே கோபம் வந்தால் பேசு. என்னை மாதிரி மேசையில் தாள் வைத்துவிட்டு வராதே.

இவ்வளவு எழுதியும் கேட்க நினைத்ததை இன்னும் கேட்கவில்லை. நீ கல்லூரிக்குப் போக ஆரம்பித்த பிறகு விடிகாலையில் அவனை ஏரிக்கரைக்குக் கூட்டிப்போனது நான். ஆலையில், வீட்டில், சொந்தக்காரர்களிடம் பேசாமல் விட்டதையெல்லாம் அந்தக் கரையில் அவனிடம்தான் பேசியிருக்கிறேன். அவன் உன் நாய். உன்னோடுதான் வர வேண்டும். ஊர் முன்னால் நானே வாசித்தது, அதில் மாற்றமில்லை. ஆனால் ஆடிக்கு உன்னை அழைத்து வர அப்பா வண்டியோடு வருவார். அப்போது அவனையும் ஏற்றிக்கொண்டு வா. பின்னால் ஒரு வருடம் கைக்குழந்தை என்றோ, கடையில் வேலை என்றோ உன்னால் வர முடியாமல் போகலாம். அந்த வருடமும் அவனை மட்டுமாவது அனுப்பு. ஆடி முடிந்த மறுநாள் நானே கொண்டுவந்து விட்டுவிடுகிறேன். ஏழு வருடத்தில் ஏழு மாதம். அவ்வளவு எனக்குக் கொடு.

அம்மா